தம்பி ரத்தத்தில் ஏறிய உப்பு

வீட்டுக்குள் வருகிற எந்தப் பையையும் திறந்து பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. மீன்காரி நேற்றைய மீனை இன்றைய மீனுக்கு அடியில் வைத்திருப்பாள் என்று நம்புகிறவள் நான். தண்ணீர் கேன் கொண்டுவருபவன் மூடியை உடைத்துத் திரும்ப ஒட்டியிருப்பானோ என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். டியூஷன் பிள்ளை கழிப்பறைக்குப் போனால் எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். இதைக் கெட்ட குணமாக நான் நினைத்ததே இல்லை. யாங்கோனில் துணையில்லாமல் காலம் தள்ளுகிற பெண்ணுக்கு இதுகூட இல்லாவிட்டால் எப்படி என்றுதான் நினைத்தேன். தம்பிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு அந்தக் குணத்துக்கு முழுநேர வேலை கிடைத்தது.

போட்டாதாங்கில் படகுத்துறைக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில் நாங்கள் மூன்று பேர்: நான், தம்பி, தம்பியின் மனைவி. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்னறையில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன், பர்மிய மொழியில். தம்பி ஸ்ட்ராண்ட் ரோட்டுக் கிடங்கு ஒன்றில் கிளார்க்காக இருந்தான். உடம்பு முடியாமல் போனதும் வேலையை விட்டான். அவன் மனைவி பர்மியப் பெண், புத்த மதம். லைங் தாயாவில் ஒரு துணிக் கம்பெனியில், தைத்து முடித்த சட்டைகளைக் கையில் எடுத்துக் குறை பார்க்கிற வேலை. இங்கே 'ஃபெரி' என்று சொல்லும் கம்பெனி பஸ் விடிவதற்கு முன்னால் தெருமுனைக்கு வந்துவிடும். அதில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். என்னை 'அக்கா' என்று தமிழில் கூப்பிடுவாள், மற்றப் பேச்செல்லாம் பர்மியம். அவள் சொன்னதை எங்கள் வீட்டுத் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

திங்களும் வியாழனும் தம்பிக்கு டயாலிசிஸ். முதல் நாள் அவன் அந்த மெஷினைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் பாடம் நடத்துகிற தோரணையில் அவனுக்கு விளக்கினேன். அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள்ளே மெல்லிய சவ்வு இருக்கிறது, ஒரு பக்கம் உன் ரத்தம், மறுபக்கம் மருந்துத் தண்ணீர், ரத்தத்தில் அதிகமாக இருக்கிற கழிவு, குறைவாக இருக்கிற பக்கத்துக்குத் தானாகப் போய்விடும் என்று சொன்னேன். அதிகம் உள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு. இந்த ஒரு வரியை நான் எத்தனையோ வருஷமாகப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறேன். சாகிற நேரத்தில்கூட என் வாயில் கடவுள் பெயருக்கு முன்னால் இதுதான் வரும் என்று தம்பி கேலி செய்வான்.

டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். மற்றக் கழிவுகள் மெதுவாகக் கெடுக்கும், பொட்டாசியம் அப்படியில்லை. அளவு மீறினால் இதயத்தை நிறுத்திவிடும், வலிகூடத் தெரியாது என்றார். அது காயில், கீரையில், பழத்தில், கிழங்கில் எல்லாம் இருக்கிற உப்பு. ஒரு மெஷின் நாளுக்கும் அடுத்த மெஷின் நாளுக்கும் நடுவே வாய் வழியாக எது உள்ளே போகிறது என்பதுதான் தம்பியின் உயிர். வாசலில் காவல் நிற்பது என் பிறவிக்குணம். அந்தப் பொறுப்பை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

சமையல் தம்பி மனைவியுடையது. பரிமாறுவது என்னுடையது, ஏனென்றால் மதியம் அவள் வீட்டில் இருப்பதில்லை. அவளுக்கு நான் சட்டம் போட்டேன். வாழைப்பழம், இளநீர், தக்காளி வீட்டுக்குள் வரக் கூடாது. காய், கிழங்கு, கீரை எதுவானாலும் முதல் நாள் பொழுது சாய்ந்ததும் பொடியாக நறுக்கி ஒரு சட்டித் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். விடியும்வரை ஊறினால் உள்ளே அதிகமாக இருக்கிற உப்பு வெளியே தண்ணீருக்கு வந்துவிடும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்து வடித்து, பிறகு தாளிக்க வேண்டும். இதைப் பர்மிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அவள் வரிவரியாகப் படித்து, தலையாட்டி, சொன்னபடியே செய்தாள். சொன்னபடியே செய்கிற ஆளைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வரும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் கையால் தம்பிக்குப் போவது ஒன்றே ஒன்று, ஒரு டம்ளர் மிளகுத்தண்ணி. எதையும் உப்பில்லாமல், புளியில்லாமல் தின்று தின்று அவனுக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. காலையில் அவள் புளிச்சக்கீரையோ பூசணியோ உருளைக்கிழங்கோ வேகவைத்து வடித்த தண்ணீர், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டியில் மூடி இருக்கும். பர்மிய வீட்டில் ஹின்ஜோ என்கிற தெளிந்த சூப் இல்லாமல் சோறு இறங்காது. எனக்கு ஹின்ஜோவாக இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கீரை வெந்த தண்ணீரைக் கொட்டுகிற வழக்கம் எங்கள் பக்கத்திலும் கிடையாது. இரவெல்லாம் ஊறியதில் கெட்டது போய்விட்டது, இனி இருப்பது சத்து என்று கணக்குப் போட்டேன். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, ஒரு டம்ளர் அவனுக்குக் கொடுப்பேன். அவன் குடிக்கலாம் என்று டாக்டரம்மா சொன்ன தண்ணீர் அளவில் அதையும் மறக்காமல் கழித்துக்கொள்வேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பான். எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

மூன்றாவது மாதத்திலிருந்து ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் ஏற ஆரம்பித்தது. முதலில் நான் பரிசோதனை செய்கிற இடத்தையே சந்தேகப்பட்டேன். வேறு ஓர் இடத்தில் கொடுத்துப் பார்த்தோம், அங்கேயும் அதேதான். மெஷின் ஓடும்போது கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறுகிற இடைவெளியில் ஏதோ குறைகிறது என்று நர்ஸிடம் சண்டைக்குப் போனேன். டாக்டரம்மா தம்பியிடம் காலையில் என்ன, மதியம் என்ன, சாயங்காலம் என்ன என்று ஒன்றுவிடாமல் கேட்டார். பட்டியலில் ஒரு தப்பும் இல்லை. அப்படியானால் பட்டியலில் இல்லாத எதையோ யாரோ கொடுக்கிறார்கள். வீட்டில் மீதி இருப்பது ஒரே ஆள்.

புத்தர் படத்துக்கு முன்னால் அவள் வைக்கிற வாழைப்பழச் சீப்பில்தான் என் கண் முதலில் விழுந்தது. சாமிக்கு வைப்பதைத் தடுக்க முடியாமல் அதை மட்டும் விட்டுவைத்திருந்தேன். சீப்பில் எத்தனை பழம் என்று காலையில் எண்ணுவேன், சாயங்காலம் எண்ணுவேன். ஒன்றுகூடக் குறையவில்லை. கறுத்துப்போனதும் அவளே எடுத்துக் கீழே கடைக்காரியின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள். நம்பவில்லை, மாடிப்படியில் நின்று அவள் கொடுப்பதைப் பார்த்தேன். குப்பைக்கூடையைக் கிளறித் தோல் இருக்கிறதா என்று பார்த்தேன். அவள் குளிக்கப் போகிற நேரத்தில் அவளுடைய துணிப்பையைத் திறந்தேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, அப்போது கொஞ்சமும் இல்லை.

பையில் சாப்பாட்டுக் கேரியர், முகத்தில் அரைத்துப் பூசுகிற தனாக்காக் கட்டை, ஒரு பழைய ஸ்வெட்டர். அதற்கு அடியில் காகிதத்தில் மடித்த இலந்தை வடை. காய்ந்த பழம் என்றால் பொட்டாசியம் சுண்டித் திரண்டு கிடக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வரும்வரை நின்றேன். அவள் ஈரத்தலையோடு வந்து என்னையும் என் கையையும் பார்த்தாள். பஸ்ஸில் தலை சுற்றும், அதற்காக வாயில் அடக்கிக்கொள்வது என்றாள். ஒன்றை எடுத்து என் எதிரிலேயே வாயில் போட்டுக்கொண்டு, மீதியை என்னிடமே விட்டுவிட்டுத் தலை துவட்டப் போய்விட்டாள். குற்றமில்லாதவள் கோபப்பட்டிருப்பாளே, இவளுக்கு ஏன் கோபம் வரவில்லை என்று அதையும் அவள் கணக்கில்தான் எழுதினேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் தம்பியால் கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. காலில் பலமே இல்லை, உதடு மரத்துப்போகிறது என்றான். அவள் அதற்குள் ஃபெரியில் போய்விட்டாள். நானும் கீழ்க் கடைக்காரியின் புருஷனுமாக அவனை நாற்காலியில் உட்காரவைத்து மூன்று மாடி இறக்கினோம். படி இறங்கும்போது அவன் தலை என் தோளில் துவண்டு விழுந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. க்ளினிக்கில் ஈசிஜி தாளைப் பார்த்த டாக்டரம்மா பேசாமல் ஊசி போட்டு, மெஷினில் இணைத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் என் பக்கம் திரும்பினார். இன்னொரு முறை இந்த அளவுக்கு ஏறினால் இங்கே வந்து சேருவாரா என்று என்னால் சொல்ல முடியாது என்றார்.

அன்று சாயங்காலம் அவள் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தம்பி படுத்திருக்கும்போதே கேட்டேன்.

"உண்மையச் சொல்லு. எனக்குத் தெரியாம அவனுக்கு என்ன குடுக்கறே?"

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நடந்ததையெல்லாம் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவன் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டாள். பிறகு தங்கள் கம்பெனியில் செய்கிற ஒரு முறையைச் சொன்னாள். சட்டையில் ஒரு குறை திரும்பத் திரும்ப வந்தால், யார் செய்தது என்று முதலில் கேட்பதில்லையாம். முடிந்த சட்டையிலிருந்து பின்னால் நடப்பார்களாம், பொத்தான் மேசை, கழுத்து மேசை, வெட்டுகிற மேசை என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்களாம். அதேபோல் அவன் சாப்பிடுவதில் வாரத்துக்கு ஒன்றாக நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டாள். டியூஷன் டீச்சரான எனக்கு ஒரு தையல் கம்பெனிப் பெண் ஆராய்ச்சி சொல்லித்தருகிறாளா என்று எனக்கு எரிந்தது. பேச்சை மாற்றுகிறாள், பொல்லாதவள் என்று முடிவே செய்துவிட்டேன்.

இந்த நேரம் பார்த்து இன்சீனில் இருக்கிற என் சித்திக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அவரைப் பார்த்துக்கொள்ள நான்தான் போக வேண்டும், வேறு ஆள் இல்லை. டியூஷனுக்கு லீவு விட்டேன். ஊரைச் சுற்றி ஓடுகிற வட்ட ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் ஒரு ஸ்டேஷன்கூட என் கண்ணில் படவில்லை, மனசெல்லாம் அந்த அடுப்படியிலேயே இருந்தது. மதியச் சாப்பாட்டை அவள் விடியற்காலையிலேயே தட்டில் மூடி வைத்துவிட்டுப் போவாள், தம்பி எடுத்துச் சாப்பிட்டுக்கொள்வான் என்று ஏற்பாடு. தினமும் இரண்டு முறை போன் செய்து என்ன சாப்பிட்டாய் என்று விசாரித்தேன். கீழ்க் கடைக்காரிக்கும் போன் செய்து, அவள் பையில் ஏதாவது கனமாக வருகிறதா என்று கேட்டேன். அந்த அம்மாள் இரண்டாவது நாளே போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை திரும்பினேன். வீட்டுக்குப் போகாமல் நேரே க்ளினிக்குக்கே போனேன். தம்பியின் முகம் தெளிந்திருந்தது. தானாகவே படியிறங்கி வந்தேன் என்றான். பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா சிரித்தார். பொட்டாசியம் நன்றாக இறங்கியிருந்தது, போன வாரமும் அப்படித்தானாம். எதை மாற்றினீர்கள், அதையே தொடருங்கள் என்றார்.

"ஒண்ணும் மாத்தலே, ஸயாமா," என்றான் தம்பி, டாக்டரம்மாவைக் கூப்பிடுகிற பர்மிய முறையில். "அக்காதான் ஊர்ல இல்லே."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்து, நீங்கள் அவருக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, அக்கா எதுவும் கொடுப்பதில்லை, அவள் சமைத்து வைத்ததைப் பரிமாறுவதோடு சரி என்று சொல்லிவிட்டான். என்னைக் காப்பாற்றுகிறான் என்று அந்த நிமிஷம் மனசு குளிர்ந்தது. வீடு திரும்புவதற்குள் வேறு கணக்கு ஓட ஆரம்பித்தது. நான் இல்லாத பன்னிரண்டு நாளும் அவள் வேண்டுமென்றே ஒழுங்காக இருந்திருக்கிறாள், பழி என் தலையில் விழட்டும் என்று காத்திருக்கிறாள். இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒருத்தி திட்டம் போட முடியுமா என்று நினைத்தேன். அந்த நினைப்போடு செவ்வாய்க்கிழமை அவனுக்கு மிளகுத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். புதன்கிழமையும் கொடுத்தேன். பன்னிரண்டு நாள் நாக்கு காய்ந்திருக்குமே என்று அந்த இரண்டு நாளும் டம்ளரைத் தளும்பத் தளும்ப நிரப்பினேன்.

புதன்கிழமை மதியம் டியூஷன் திரும்பத் தொடங்கியது. செல் சவ்வுப் பாடம். ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடத்துக்கு நான் ஒரு பீட்ரூட் வாங்கிவருவேன். துண்டு துண்டாக வெட்டி, வெட்டுப்பட்ட இடத்துச் சாயம் போகக் கழுவி, பாதியைப் பச்சைத் தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் போடுவேன். மீதிப் பாதியைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவேன். பிள்ளைகள் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். அன்றும் பார்த்தார்கள். பச்சைத் தண்ணீர் அப்படியே கிடந்தது, லேசாக ஒரு ரோஸ் நிறம், அவ்வளவுதான். வெந்நீர் ரத்தமாகச் சிவந்தது. நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்தேன். உயிருள்ள சவ்வு, தனக்கு வேண்டியதை வெளியே விடாது. அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போகும் என்பது எல்லாப் பொருளுக்கும் நடக்காது. உதாரணத்துக்குப் பொட்டாசியம். செல்லுக்கு உள்ளே எத்தனை அதிகமாக இருந்தாலும், சவ்வு அதைப் பம்பு வைத்து இறைத்ததுபோல் உள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும். சூட்டில் சவ்வு செத்த பிறகுதான்...

கையில் வெந்நீர் டம்ளர். அதன் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஊறவைத்த தண்ணீரில் ஒன்றும் இல்லை. பச்சைக் கீரையும் கிழங்கும் விடியவிடிய அந்த உப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கிடந்திருக்கின்றன. வெந்தபோதுதான் அது முழுக்க வெளியே வந்திருக்கிறது, வடித்த தண்ணீரில். அவளுடைய காயில் இல்லை, அவளுடைய பழத்தில் இல்லை. அந்தச் சின்னச் சட்டியில் இருந்திருக்கிறது. அதில் மிளகு தட்டிப் போட்டு, கொதிக்கவைத்துச் சுண்டவும் விட்டு, தளும்பத் தளும்பத் தம்பி கையில் கொடுத்தவள் நான். பம்புக் கதையை இரண்டு மதிப்பெண் கேள்விக்கு விடையாக எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது என் வீட்டு அடுப்படிக்கும் பொருந்தும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு உள்ளே ஓடினேன். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன். ஏறி இறங்கியது. க்ளினிக்குக்குப் போன் செய்தேன். கால் பலம் குறைந்தால், மூச்சு திணறினால் உடனே கூட்டிவாருங்கள், இல்லாவிட்டால் நாளைக் காலை முதல் ஆளாகப் போட்டுவிடுகிறோம் என்றார்கள். அவனை எழுப்பி, காலை நீட்டு, மடக்கு என்றேன். ஏன் என்று கேட்டுக்கொண்டே நீட்டினான், மடக்கினான். சாயங்காலம்வரை அந்தக் கட்டிலைவிட்டு நான் நகரவில்லை.

ஃபெரி வருகிற நேரத்துக்குத் தெருமுனைக்குப் போய் நின்றேன். அவள் வரும்போது நான் அங்கே ஒரு நாளும் நின்றதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவள் என்னைக் கண்டதும் முகம் வெளுத்து, அவருக்கு என்ன ஆயிற்று என்று என் கையைப் பிடித்தாள். ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறான் என்று சொல்லி, அங்கேயே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊறவைத்தது வீண் என்றேன். வெந்த தண்ணீரில்தான் விஷம் என்றேன். அதைத்தான் இத்தனை மாதமாக நான் அவனுக்குக் கொடுத்துவந்தேன் என்றும் சொன்னேன். அவளுக்கு மிளகுத்தண்ணி என்று ஒன்று நடந்ததே தெரியாது. மதியம் நடப்பதை அவள் எப்படிப் பார்த்திருப்பாள்?

"சுடுதண்ணியத் தொட்டியில ஊத்தாதே, பிளாஸ்டிக் குழாய் விட்டுப்போய்க் கீழ்வீட்டுல ஒழுகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். "அதான் ஆறட்டும்னு மூடி வச்சிட்டுப் போவேன். சாயங்காலம் வந்தா சட்டி காலியா கழுவிக் கவுத்தி இருக்கும். நான் வேலைக்குப் போயிட்டேன்னு அக்கா ஊத்திடறாங்க, நல்லவங்கன்னு நெனச்சுப்பேன்."

நான் அவளைச் சந்தேகப்பட்டதைச் சொன்னேன். பழம் எண்ணியது, பை திறந்தது, கடைக்காரிக்குப் போன் செய்தது, எதையும் விடவில்லை. தெரியும் என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் மொஹிங்கா என்கிற மீன் நூடுல்ஸ் விற்கிறவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் கடையைத் தாண்டி இரண்டு பேரும் வீட்டுப் பக்கம் நடந்தோம். பிறகு தம்பி மனைவி நெற்றியைச் சுருக்கினாள். டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் வாயில் போனதெல்லாம் கேட்டாரே, உங்கள் தம்பி ஏன் இதை அவரிடம் சொல்லவில்லை என்றாள். எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. திங்கட்கிழமை என்னை முந்திக்கொண்டு அவன் பதில் சொன்னதும் ஞாபகம் வந்தது.

மாடிக்கு ஏறிப் போனோம். தம்பி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் பையைக் கீழே வைக்காமல் நின்றபடியே கேட்டாள், அக்கா கொடுத்த தண்ணியைப் பற்றி டாக்டரிடம் ஏன் மறைத்தீர்கள் என்று. அவன் என்னைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான். மறைக்கவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான் என்றான். அவள் விடவில்லை. அக்கா இன்சீனிலிருந்த நாளில் உடம்பு தேறியபோதுகூடவா தோன்றவில்லை என்று கேட்டாள்.

"தோணுச்சு," என்று அவன் என்னிடம் தமிழில் சொன்னான். "அதாத்தான் இருக்கும்னு நெனச்சேன், அக்கா. சொன்னா டாக்டர் நிறுத்திடுவாங்க. இந்த வீட்டுல உன் கையால எனக்குச் செய்யறது அது ஒண்ணுதான். அதுவும் தப்புன்னு ஆயிட்டா நீ ஒடஞ்சுபோயிடுவே. ரெண்டு மடக்கு தண்ணிதானே, மெஷின் எடுத்துடும்னு விட்டுட்டேன்."

இதைக் கேட்டு எனக்கு அழுகை பீறிட்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் எழுந்து வந்து என் முதுகில் கை வைத்தான். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வராது, கேட்டால் முக்கால்வாசி புரியும். எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அத்தனை மாதமும், நான் கையில் இலந்தை வடையோடு நின்ற அன்றும்கூட, அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"அக்கா மனசு நோகக் கூடாதுன்னு நீங்க சாகத் தயாரா இருந்தீங்க," என்றாள் அவனிடம். "அப்ப நான் யாரு?"

அவன் கை என் முதுகிலிருந்து விலகியது. அவள் பையை வைத்துவிட்டு, மறுநாளைக்குக் காய் நறுக்க உட்கார்ந்தாள்.